தரையில் விழாத துணுக்குகள்

தலையணை செய்பவர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு கைப்பிடி துணித் துணுக்கை இழுத்து மோந்து பார்த்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"பூஞ்சை வாடை அடிக்குதும்மா. இதை உள்ள அடைச்சா எவன் தலை வைப்பான்?"

மூன்றாவது வாரமாக இதே கதை. அவர் வேண்டாமென்ற இருபது மூட்டையும் லாரியில் ஏறி ஊருக்கு வெளியே குப்பை மேட்டுக்குப் போயின. கட்டிங் பிரிவின் சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

அவளுக்கு இந்த வம்பு தேவையே இல்லை. சட்டை தைக்கும் கம்பெனியில் வாரத்துக்கு நாலு லாரி குப்பை போனால் போகிறது என்று இருந்திருக்கலாம். "குப்பையைக் குறைக்கறதெல்லாம் ஆகற காரியமா?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சிரித்ததும் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாசக் கடைசிக்குள்ள நாலு லாரியை ஒண்ணாக்கறேன் சார். முடியலேன்னா பழையபடி மெஷின்லயே உக்காந்துக்கறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வருடம் மெஷினில் குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்த பிறகுதான் மேலே வந்திருந்தாள். துணுக்கைத் தலையணைக்காரர் எடுத்துக்கொண்டால்தான் லாரி குறையும். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

துணி காய்ந்துதான் வருகிறது, கூரையும் ஒழுகவில்லை. பிறகு ஈரம் எங்கிருந்து வருகிறது? ஷிப்ட் முடிந்ததும் ரிப்போர்ட் எழுத ஆபீஸ் அறைக்குப் போய்விடுவது அவள் வழக்கம். அன்று போகாமல் ஓரமாக ஒரு துணிச்சுருளின் மேல் உட்கார்ந்தாள்.

கூட்டுகிற வேலை அவளுடைய நாத்தனாருக்கு. அவள் வந்தாள், வாளியைத் தூக்கினாள், தரை முழுக்கத் தண்ணீர் தெளித்தாள். பிறகு கூட்டி, நனைந்த துணுக்குகளை மூட்டையில் திணித்து இறுக்கிக் கட்டினாள்.

"அடியே! உன்னை யாருடி தண்ணி தெளிக்கச் சொன்னது?"

நாத்தனார் அசரவில்லை. துடைப்பத்தால் சுவரைக் காட்டினாள். "நீங்களே படிங்க அண்ணி."

'தண்ணீர் தெளிக்காமல் கூட்டக் கூடாது' என்றது அட்டை. கீழே இருந்த கையெழுத்து சூப்பர்வைசருடையதேதான். ஏழு வருடத்துக்கு முன் நாத்தனார் பஞ்சுத் தூசியில் இருமி இருமி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுதி ஒட்டியது. அடியோடு மறந்துபோயிருந்தாள்.

வெட்கத்தில் காது சுட்டது. அட்டையைக் கிழிக்கப் போன கை பாதியில் நின்றது. தெளிக்காவிட்டால் தூசி, தெளித்தால் பூஞ்சை. லாரியைக் குறைக்கிறேன் என்று நாத்தனாரை மறுபடி இரும வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"கீழ விழுந்தாத்தானே கூட்டணும்?" என்றாள் திடீரென்று.

"நல்லாத்தானே இருந்தீங்க அண்ணி?"

அன்றைக்கே இருவரும் பழைய திரைத்துணியில் பைகள் தைத்து, கட்டிங் மேஜைகளின் விளிம்பெல்லாம் கட்டினார்கள். கத்தரித்த துணுக்கு நேராகப் பைக்குள் விழுந்தது.

"முழங்கால்ல இடிக்குதுக்கா" என்று கட்டிங் மாஸ்டர் முனகினார்.

"இடிக்கட்டும். ஒரு துணுக்கு கீழ விழுந்தாலும் நீங்கதான் குனிஞ்சு பொறுக்கணும்."

சொன்னபடி பொறுக்கவும் வைத்தாள். டீ கப்பைப் பைக்குள் போட்டவனையே கையை விட்டு எடுக்கச் சொன்னாள். ஒன்பது நாளும் மேஜை மேஜையாக நின்று, பின்னால் ஏசியவர்களின் ஏச்சையும் காதில் வாங்கிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் தலையணைக்காரர் வந்தார். இந்த முறை தோள் வரை கையை விட்டார். மோந்தார். மறுபடியும் மோந்தார்.

"இன்னும் எத்தனை மூட்டைம்மா இருக்கு?"

எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். நாத்தனார் பின்னால் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டால் தூசி என்பாள்.

அந்த வாரத்தின் இரண்டாவது குப்பை லாரி வழக்கம்போல வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சத்தம் தாங்காமல் முதலாளி வெளியே வந்தார்.

"லாரி ஏன் சும்மா நிக்குது?"

"ஏத்த ஒண்ணும் இல்ல சார்" என்றாள் சூப்பர்வைசர். "அந்த மெஷினுக்கு வேற ஆள் பாருங்க."