வெளிச்சம் போகாத பட்டன்

டிவிக்கு ஆப் எழுதப் பழகுகிறவனுக்கு முதல் பாடம், திரையைத் தொட முடியாது என்பதுதான். ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தினால் வெளிச்சம் பட்டனுக்குப் பட்டன் தாவும். அது நிற்கிற பட்டன்தான் வேலை செய்யும். ஆசையாகத்தான் கற்றுக்கொண்டேன்.

கற்ற கையோடு மேனேஜர் முதல் வேலையைக் கொடுத்தார். 'நீங்கள் பார்ப்பதையெல்லாம் விளம்பரக்காரர்களிடம் சொல்லலாமா?' என்று திரையில் ஒரு கேள்வி. கீழே 'சரி', 'வேண்டாம்'.

பல் குத்திய குச்சியாலேயே திரையைக் காட்டினார். "வேண்டாம்ங்கிறது கண்ணுக்குத் தெரியட்டும். வெளிச்சம் மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது. பட்டன் இருக்குல்ல, எவன் கேக்கப் போறான்?"

அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.

நேற்று எங்கள் வீட்டு டிவியிலேயே அந்தக் கேள்வி வந்து நின்றது. அம்மா வலது அம்புக்குறியை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். வெளிச்சம் 'சரி'யை விட்டு அசையவில்லை. ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினாள், பேட்டரியை மாற்றினாள். கடைசியில் 'சரி'யையே அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வேணாம்னு சொல்லக்கூட விடமாட்டேங்கிறானே! இவனைச் சொல்லிக் குத்தமில்லடா. பெத்து வளர்த்தா பாரு, அவளைச் சொல்லணும்."