ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு சவரக்கத்தி

...பளபளப்பை நம்பக்கூடாது, தேய்த்தால் எதுவும் பளபளக்கும், சகாயசெல்வி அந்தப் பழைய சவரக்கத்தியை விரித்து வெயில் பக்கம் திருப்பினாள், வாய் நெடுக வெளிச்சம் ஒரே கோடாக ஓடியது, நடுவில் மட்டும் மயிரிழை போல ஏதோ... அழுக்கா? முந்தானையால் துடைத்தாள், போகவில்லை, நகத்தால் சுண்டினாள், கணீரென்று கேட்காமல் செத்த சத்தம். விரிசல்தான். "சாணை புடிச்சாப் போயிரும் தாயி" என்றார் பழைய சாமான் கடை இஞ்ஞாசி. துரு போகும், ஓரத்துப் பொக்கை போகும், விரிசல் எங்கே போகும், வீட்டுக்காரர் கழுத்தில் வைத்து இழுக்கும்போது தெறித்தால்... ஐயோ, கழுத்தை நினைக்கவே வேண்டாம். "இது வேணாம்ண்ணே, வேற காட்டுங்க."

காலையில் அந்தக் கழுத்தைத்தான் நிமிர்த்திக் காட்டினார் ஸ்தனிஸ்லாஸ். பக்கவாதத்தில் வலது கை விழுந்ததிலிருந்து முகத்தில் யாரையும் கைவைக்க விடாத மனுஷன், வீட்டுக்கே வரவழைத்த சவரக்காரரைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவர்... கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாளே, ஜன்னலில் கண்ணாடியை மாட்டி, நாக்கால் கன்னத்தை உப்பவைத்து, தானேதான் மழித்துக்கொள்வார், அப்போது பேச்சுக் கொடுத்தால் கோபம் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இடது கையால் முயன்றார், கத்தி நழுவி ஜன்னலுக்கு வெளியே துவைக்கிற கல்லில் விழுந்து இரண்டாகப் போனது, ரத்தமா என்று ஓடினாள், ரத்தமில்லை, அழுதுகொண்டிருந்தார். அப்புறம் தாடிதான். பிளாஸ்டிக் ரேசரை நீட்டினால் தட்டிவிட்டார். இன்றைக்கு மட்டும் என்ன வந்தது அவருக்கு? கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டபோது அவள் கையைப் பிடித்துத் தாடியில் வைத்துக்கொண்டார், குழறிக் குழறி, "நீயே... பண்ணிவிடு" என்றார். எனக்குத் தெரியாதுங்க, வீட்டுல கத்தியும் இல்ல என்றதற்கு, "வாங்கு." அவ்வளவுதான், மோவாயைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார், இவ்வளவு நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்...

இரண்டாவது கத்தி பார்க்க ஒன்றுமில்லை, பழுப்பேறிக் கிடந்தது, விரலால் தேய்த்ததும் துரு மாவாய் உதிர்ந்தது, அடியில் குழி விழவில்லை. வாயை முந்தானை மேல் லேசாக ஓட்டினாள், நுனியில் மட்டும் நூல் மாட்டி இழுத்தது, நுனிப் பொக்கைதானே, தேய்த்தால் சரியாகிவிடும். கண்ணாடிப் பலகையில் படுக்கவைத்தாள், ஆடவில்லை. சுண்டினாள், கணீரென்றது, அந்த ஓசைக்கே வயிறு குளிர்ந்தது. மடக்கினால்தான் பிடியில் இடித்துக்கொண்டு ஒரு பக்கமாய்ச் சாய்கிறது, மறுபடி விரித்தாள், மடக்கினாள், விரித்தாள்.

"ஆணி லூசா இருக்குண்ணே."

"நல்லா இறுக்கித் தாரேன். ஆமா, யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. நான்தான் சவரம் பண்ணிவிடணும்" என்றவள், அவர் சுத்தியலை எடுத்ததும் பதறினாள். "ரொம்ப இறுக்கிராதீங்கண்ணே, ஒத்தக் கையால தெறக்க வரணும்."

இஞ்ஞாசி அவளுடைய இரண்டு கைகளையும் பார்த்தார், ஆணியைத் தட்ட ஆரம்பித்தார். அவளும் குனிந்து பார்த்தாள், வலது கை சும்மா மேசைமேல் கிடக்கிறது, இவ்வளவு நேரமும் இடது கையால்தான், அவருக்கு மிச்சமிருக்கிற அதே கையால்தான், விரித்து மடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்... அவர் கழுத்தை என்னிடம் கொடுத்துவிட்டாரே, அது பெரிசில்லையா, பிறகு இது யாருடைய கைக்கு...