இடது பக்கத்து வீடு

பதினொரு வருஷம் அவள் இடது கையை மட்டுமே தைத்தாள். சீருடைக் கோட்டு தைக்கிற பட்டறை அது. காவலாளிகளுக்கு, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு, பஸ் கண்டக்டர்களுக்கு என்று ஆர்டர் வந்தபடியே இருக்கும். ஒருத்திக்குக் கழுத்துப்பட்டை, ஒருத்திக்குப் பை, இன்னொருத்திக்குப் பொத்தான் துளை என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவள் பங்குக்கு வந்தது இடது கை. பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவளுக்கு வலது கை. தைத்து முடித்த கைகளை ஐம்பது ஐம்பதாக நாடா போட்டுக் கட்டி, எந்தக் கை என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டைச் செருகி அனுப்ப வேண்டும். அதனால் பட்டறையில் அந்த இரண்டு பேரின் சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. இவள் லெஃப்ட்டு, அவள் ரைட்டு.

ரைட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். மேஸ்திரி எல்லோரையும் பார்த்து, "ரைட்டு, வேலையைப் பாருங்க" என்றால், "என்னை மட்டும் எதுக்கு சார் சொல்றீங்க, இவங்களையும் சொல்லுங்க" என்பாள். பட்டறையே சிரிக்கும். மேஸ்திரியும் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

லெஃப்ட்டு நாலாம் வகுப்போடு நின்றவள். தமிழ்ப் பேப்பரை ஒரு விளம்பரம் விடாமல் படித்துவிடுவாள். ஆங்கிலம்தான் எட்டிக்காய். ஆனால் சீட்டில் இருந்த அந்த நாலு எழுத்து மட்டும் அவளுக்கு முகம் தெரிந்த சொந்தக்காரர்கள் மாதிரி. முதல் எழுத்து, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆள். அடுத்தது மூன்று பல் சீப்பு. மூன்றாவது, அதே சீப்பில் கீழ்ப்பல் உடைந்தது. கடைசி, சட்டை மாட்டுகிற கம்பம். எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவாள்.

அந்த வார்த்தைக்கு இன்னொரு முகமும் உண்டு என்று அவளுக்குத் தெரியவந்தது புது மேனேஜர் புண்ணியத்தில். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். அவருக்கு இங்கிலீஷைத் தவிர வேறெதுவும் வராது. வந்த இரண்டாம் நாள் சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்ப எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைக்கிற நேரம், அவள் மெஷின் பக்கம் வந்து நின்றார். "ஹவ் மெனி லெஃப்ட்?" என்று கேட்டார். எத்தனை என்று கேட்கிறார், லெஃப்ட் என்கிறார், இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அன்றைக்கு அவள் தைத்து அடுக்கியது இருநூறு இடது கை. "டூ ஹண்ட்ரட் சார்" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. அது முடியாமல் ஒருத்தரும் வெளியே போகக்கூடாது என்று கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தைக்க ஒரு துணிகூட இல்லாமல் நாற்பது பெண்கள் வெட்டுத்துணிகளை மெஷினில் ஓட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மேஸ்திரி வந்துதான் விஷயத்தை விளக்கினார். அவர் கேட்டது, இன்னும் எத்தனை மிச்சம் என்று.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரைட்டு விடவில்லை. "உன்னோட பெருமையில எல்லாருக்கும் பஸ் போச்சு. ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருந்தா ராஜா மாதிரி போயிருக்கலாம்."

"எனக்கு என்னடி தெரியும். ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் வெச்சா போதாதா அவங்களுக்கு."

இருவரும் அப்படிச் சிரித்துக்கொண்டு நடந்த தெருவில் இரண்டு பக்கமும் மஞ்சள் பூ மரங்கள் இருந்தன. இன்றைக்கு அந்த மரங்களும் இல்லை, பட்டறையும் இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஆனால் பழைய நாட்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் லெஃப்ட்டுக்கு முதலில் கேட்பது நாற்பது மெஷின் ஓடுகிற சத்தம்தான். அதற்கு மேலே ரைட்டின் குரல்.

அந்தச் சிநேகத்தில் விரிசல் விழுந்ததும் ஒரு சீட்டால்தான். கட்டுகளில் சீட்டுச் செருகுவது எப்போதும் ரைட்டின் வேலை. ஒரு நாள் அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். வண்டி வந்து வாசலில் நிற்கிறது. மேஸ்திரி கத்துகிறார். லெஃப்ட்டின் மகளுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். அவள் புத்தி வீட்டில் இருந்தது. எழுந்து அவளே சீட்டுகளைச் செருகி, நாடாவை இழுத்துக் கட்டி, வண்டியில் ஏற்றிவிட்டாள். நாலு கட்டுகளில் சீட்டு மாறிப் போயிருந்தது.

கைகளைப் பொருத்துகிற இடத்தில் யாரும் கவனிக்கவில்லை. நூறு கோட்டு, இடம் வலம் மாறிய கைகளோடு திரும்பி வந்தது. போட்டுப் பார்த்த காவலாளி ஒருவருக்கு முழங்கை பின்பக்கமாக மடங்கினாற்போல இருந்ததாம். மேஸ்திரி நேராக ரைட்டிடம் வந்தார்.

"சீட்டுச் செருகுறது நீதானே?"

ரைட்டு ஒரு நொடி லெஃப்ட்டைப் பார்த்தாள். லெஃப்ட்டு ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள். நான்தான் சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டாள்.

மூன்று நாள் ரைட்டு மூலையில் தரையில் உட்கார்ந்து நூறு கோட்டிலும் தையலைப் பிரித்தாள். செருகியது நான் இல்லை என்று மேஸ்திரியிடம் சொல்லவும் இல்லை. நாலாம் நாள் மெஷினுக்குத் திரும்பி வந்தாள். "நூல் இருக்கா?" "கத்தரி எங்க?" என்று மட்டும் பேச்சு நடந்தது. இரண்டு மாதத்தில் அவள் புருஷனுக்கு, லாரி டிரைவர் அவர், வேறு ஊரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு கிளம்பினாள். கடைசி நாள் எல்லோருக்கும் புது விலாசம் எழுதிக் கொடுத்தபோது லெஃப்ட்டுக்கும் ஒரு துண்டு வந்தது. பதினாலாம் நம்பர், இரண்டாம் குறுக்குத் தெரு. அவள் கையில் கொடுக்கவில்லை, மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஏழு மாதம் அந்தத் துண்டு அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. பக்கத்து மெஷினில் புதிதாக வந்தவள் நல்ல பெண்தான். ஆனால் பேசவே மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புருஷனும் மகளும் வெளியே போயிருந்த நேரத்தில், லெஃப்ட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். நான்தான் மாற்றிச் செருகினேன், வாயைத் திறக்காமல் இருந்ததும் நான்தான் என்று எழுதிய இடத்தில் பேனா நின்று நின்று நகர்ந்தது. ஒட்டித் தபாலில் போட்டுவிட்டாள்.

பதிமூன்றாம் நாள் அதே உறை திரும்பி வந்தது. பிரிக்கவே இல்லை. விலாசத்துக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டாளா? வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். காலை நீட்டி உட்கார்ந்த ஆள். சீப்பு. பல் உடைந்த சீப்பு. கம்பம்.

யாரிடமும் காட்ட மனசு வரவில்லை. உள்ளே இருப்பது அப்படிப்பட்ட கடிதம். தானே யோசித்தாள். மேனேஜர் சொன்ன மிச்சமா? கடிதத்தில் என்ன மிச்சம்? முழு உறையும் அல்லவா திரும்பி வந்திருக்கிறது. அப்படியானால் இடதுதான். தபால்காரர் நல்ல மனுஷர், வீடு தப்பு, இடது பக்கத்து வீடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ரைட்டு எண் எழுதும்போது தடுமாறியிருப்பாள். புது உறை வாங்கி, பழைய விலாசத்தின் கீழே, "பதினாலாம் நம்பருக்கு இடது பக்கத்து வீடு" என்று தெளிவாக எழுதி மறுபடியும் போட்டாள்.

பதில் வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. ரைட்டின் கையெழுத்து, பேசுகிற மாதிரியே இருந்தது.

"லெஃப்ட்டு, நீ அனுப்பின லெட்டர் என் கைக்கு வந்த கதைய முதல்ல கேளு. நாங்க அந்த வீட்டுல இருந்தது நாலு மாசம்தான். இவருக்கு லாரியில கால் உடைஞ்சு போச்சு. மாடி ஏற முடியலைன்னு கீழ் வீடா பாத்து வேற தெருவுக்கு வந்துட்டோம். பழைய வீட்டுக்கு இடது பக்கம் ஒரு நர்ஸம்மா இருக்காங்க. இவர் காலுக்குக் கட்டு மாத்த வாரம் ரெண்டு தடவ வருவாங்க. நீ எழுதினத தபால்காரர் அவங்க வீட்டுல குடுத்திருக்கார். அவங்க கையோட கொண்டு வந்துட்டாங்க. முதல் தடவ லெஃப்ட்டுன்னு எழுதித் திருப்பி அனுப்பினத தபால்காரரே அவங்ககிட்ட சொன்னாராம். அப்படி எழுதினா ஆள் போயிட்டாங்கன்னு அர்த்தமாம். இங்க இல்ல, காலி பண்ணிட்டாங்கன்னு. உனக்கு அது தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

லெஃப்ட்டு அந்த இடத்தில் நிறுத்தினாள். என்ன பண்ணியிருப்போம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. நம்மால் ஆனதைச் செய்தாயிற்று, அவள்தான் இல்லை என்று உறையை அடுப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. மேலே படித்தாள்.

"சீட்ட மாத்தினது நீதான்னு அன்னிக்கே தெரியும். வண்டி கிளம்பறப்ப பாத்தேன், கட்டுல இருந்தது உன்னோட முடிச்சு. வேலை போயிடும்னு பயந்தே, அதுவும் தெரியும். எனக்கு மனசு விட்டுப் போனது அதுக்கில்ல. மூணு நாள் தரையில உக்காந்திருந்தேனே, ஒரு தடவ வந்து பக்கத்துல உக்காந்து தண்ணி வேணுமான்னு கேட்டிருக்கலாம் நீ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறினாள். மூன்று மணி நேரப் பயணம். முதலில் பதினாலாம் நம்பரைத் தேடிப் பிடித்து, வழி கேட்க இடது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். நர்ஸம்மா குட்டையான பெண்மணி. துவைத்த துணியைத் தோளில் போட்டபடி வந்து கதவைத் திறந்தாள்.

"நீங்கதானா அந்த லெஃப்ட்டு?" என்றாள். "இருங்க, செருப்பப் போட்டுட்டு வரேன். அந்தச் சந்து உங்களுக்குத் தனியா புரியாது."

ரைட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். காதோரம் நரை தெரிந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து படியில் இடம் விட்டாள். லெஃப்ட்டு உட்கார்ந்தாள். வரும்போது பஸ்ஸில் எத்தனையோ பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள்.

"தண்ணி வேணுமாடி?" என்று கேட்டாள் லெஃப்ட்டு.

ரைட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். "என் வீட்டுக்கு வந்து எனக்கே தண்ணி குடுக்கப் போறியா? எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?" என்று சிரிக்க ஆரம்பித்தாள், அது அழுகையாகிப் போனது. நர்ஸம்மா சத்தம் காட்டாமல் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, கால் உடைந்தவரைப் பார்க்கப் போனாள்.

சாயங்காலம் வரை பேச்சு தீரவில்லை. பட்டறைக்கே திரும்பி வந்துவிடு, மேஸ்திரியிடம் நானே எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றாள் லெஃப்ட்டு. ரைட்டு முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"இங்க ஒரு சலவைக் கம்பெனியில சேந்துட்டேன். பிள்ளைங்களும் பள்ளிக்கூடத்துல பழகிட்டாங்க. நீ மேஸ்திரிகிட்ட சொல்லணும்னா சொல்லு. எனக்காக இல்ல, உனக்குத் தூக்கம் வரணும்னா சொல்லு."

திங்கட்கிழமை காலை, மெஷினில் உட்காருவதற்கு முன்பே, சீட்டை மாற்றியது தான் என்பதையும் ரைட்டைப் பார்த்துவிட்டு வந்த கதையையும் அவள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள். அவர் மீசையைத் தடவினார். "ஒரு வருஷம் ஆகப் போகுதேம்மா" என்றார். பிறகு, அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள், புருஷன் கால் தேவலையா, வீடு காற்றோட்டமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துவைத்துக்கொண்டு, ரைட்டின் இப்போதைய விலாசத்தை மெதுவாகச் சொல்லச் சொன்னார்.