கடவுச்சொல் கேட்ட சின்ன வட்டு

இலின்கா இறந்த நாற்பதாம் நாள் லுக்ரேட்சியா மகளுடைய கம்பளிக் கோட்டைத் தானம் கொடுத்தாள். ஆறாம் மாதம் சைக்கிளும் தலையணையும் போயின. அவர்கள் ஊரான திமிஷ்வாராவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். இங்கே ஒரு கையில் கொடுப்பது அங்கே போனவர் கையில் சேரும் என்பது நம்பிக்கை. வருட நினைவுக்கு மிச்சமிருந்தது மடிக்கணினி ஒன்றுதான். அதைக் கொடுக்க விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் அப்பா செவெர்.

“பிள்ளை அங்க கம்ப்யூட்டர் இல்லாம கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா,” என்றாள் லுக்ரேட்சியா, நினைவுப் பூசைக்கான கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டே.

“அங்க கரண்ட் இருக்கான்னு பாதிரியார்கிட்ட கேட்டியா?”

“கிண்டல் பண்ணு மனுஷா. சனிக்கிழமை பூசை. பிள்ளையோட ஆபீஸ் ஸ்மரான்டாகிட்ட சொல்லிட்டேன், அது அவளுக்குத்தான்னு.”

கணினிக்குள் பூட்டிக் கிடந்த ஒரு சின்ன வட்டுக்காகத்தான் செவெர் அதை விடாமலிருந்தார் என்பதை மனைவியிடம் சொன்னதே இல்லை.

அந்தக் கணினியைத் திறந்தால் அது எதுவும் கேட்காமல் விழித்துக்கொள்ளும். மகள் அப்படித்தான் வைத்திருந்தாள். அவள் போன பிறகு தினமும் காலையில் அவளுடைய படங்களைப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாயிற்று. கோப்புகளைக் காட்டும் ஜன்னலின் இடது ஓரத்தில் படங்கள், பாட்டுகள், வேலை என்று அவளுடைய அறைகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு குட்டி வட்டின் படம். மற்றவற்றின் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லாத அளவு, வெறும் நூறு எம்பி. அதைத் தொட்டால் மட்டும் கடவுச்சொல் கேட்டது.

வீடு முழுவதும் திறந்து போட்டவள் ஒரே ஒரு பெட்டியைப் பூட்டி வைத்தால் அப்பன் மனம் என்ன நினைக்கும்? அராட் நகருக்குப் போகும் சாலையில் மழையில் அவள் வண்டி புரண்டது. சொல்லிக்கொண்டு போக அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் முன்பே எழுதி வைத்திருக்கலாம் அல்லவா. சின்ன வயதிலிருந்தே அவள் நேரில் சொல்லாததைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டுகிற பிள்ளை.

முதலில் அவள் வளர்த்த பூனையின் பெயரைத் தட்டினார். தவறு என்றது. தெருப்பெயர், கோடையில் போன ஏரியின் பெயர், எல்லாம் தவறு. தனக்குத் தெரிந்தவை இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகுதான் அவளோடு வேலை பார்த்த ஸ்மரான்டாவைக் கூப்பிட ஆரம்பித்தார். சைக்கிளுக்குப் பெயர் வைத்திருந்தாளா? நீச்சலுக்குப் போனாளாமே, யாரோடு? எதற்கு என்று கேட்காமல் அவளும் சொன்னாள். நீச்சல் குளத்தில் இலின்காவை எல்லோரும் ஜெனரல் என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது அப்படித் தெரிந்தது. புளிச்செர்ரி ஜாம் ஒரு புட்டி முழுவதையும் ஆபீஸ் மேஜையிலேயே வைத்துக் கரண்டியால் தின்பாள் என்பதும், ஒருத்தனைக் காதலித்து விட்டுவிட்டாள் என்பதும். செவெர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். அந்தப் பையனின் பெயரைத் தட்டும்போது விரல் கொஞ்சம் கூசியது. அதுவும் இல்லை.

பூசைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்மரான்டாவை வரச்சொன்னார். லுக்ரேட்சியா சமையலறையில் சூப்போடு மல்லாடிக்கொண்டிருந்தாள். ஸ்மரான்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜை முன் உட்கார்ந்தாள்.

“இதைத் திறக்காம குடுக்க மாட்டேன்,” என்று அவர் திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். “எனக்குன்னு எதையோ வெச்சுட்டுப் போயிருக்கா.”

ஸ்மரான்டா பார்த்தாள்.

“இதுக்காகத்தான் ஒரு வருஷமா ஃபோனா, மாமா?”

“ஆமா.”

“நான் உங்களுக்குத் தூக்கம் வரலை, அதான் கூப்பிடறீங்கன்னு நினைச்சேன்.”

“தூக்கமும் வரலைதான்.”

அவள் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினாள். கணினியை அணைத்து, அந்தப் பென் டிரைவில் இருந்த வேறொரு லினக்ஸை, கணினியை நடத்தும் மென்பொருளை, எழுப்பினாள். இலின்காவின் கடவுச்சொல் அதற்குத் தேவைப்படவில்லை. குட்டி வட்டைத் தொட்டதும் திறந்துகொண்டது. செவெர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

உள்ளே ஒரு கோப்புறை, அதற்குள் இன்னும் இரண்டு, அதற்குள் புரியாத பெயருள்ள கோப்புகள். தேதிகள் எல்லாம் இலின்கா அந்தக் கணினியை வாங்குவதற்கு முந்தையவை. ஸ்மரான்டா ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், திறந்து காட்டினாள். கடைசியில் திறக்க எதுவும் மிச்சமில்லை.

“அவ எழுதினது?” என்றார் செவெர்.

“இல்ல மாமா. இதுல அவ கையே படலை.”

சமையலறையில் மூடி ஒன்று விழுந்து உருண்டது. லுக்ரேட்சியா அதைத் திட்டுவது கேட்டது.

“அப்புறம் ஏன் அங்க வந்து நிக்குது?”

“கம்ப்யூட்டரை ஆன் பண்ணின உடனே அதுக்கு ஒண்ணும் தெரியாது. எதை எழுப்பணும், அது எங்க படுத்திருக்குன்னு சொல்ல ஒரு சின்ன இடம் வேணும். இது அந்த இடம். வாங்கும்போது கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இருந்துச்சு, இந்த இடம் அதை எழுப்பறதுக்கு. இலின்கா புதுசா இன்னொரு டிஸ்க் போட்டு லினக்ஸை அதுல வெச்சா, அதை எழுப்ப அங்கயே தனியா ஒரு இடம். விண்டோஸை அழிச்சா. இதை அழிக்கலை. சோம்பேறித்தனம்.”

“என் பொண்ணு சோம்பேறி இல்ல.”

“ஆபீஸ்ல அவ கப்பை ஒரு நாள் கழுவியிருப்பாளா? கேளுங்க என்னை.”

செவெர் சிரிக்கப் பார்த்தார். “அப்ப அந்த இன்னொரு இடம்? அது ஏன் இந்த வரிசையில இல்ல?”

“அது வேலையில இருக்கு. லினக்ஸ் அதை எடுத்துத் தனக்குள்ள பொருத்திக்கிச்சு. அப்படிப் பொருத்தினதை இந்த ஜன்னல் நம்ம கண்ணுல காட்டாது. இதை யாரும் பொருத்திக்கலை. சும்மா கெடக்கற எதைப் பாத்தாலும், ஒருவேளை இவங்களுக்கு வேணுமோன்னு ஓரத்துல நிறுத்திரும்.”

“பாஸ்வேர்டு?”

“அது அவ போட்ட பூட்டு இல்ல. உள்ள இருக்கற எந்த டிஸ்க்கைப் புதுசா பொருத்தப் போனாலும், நீ வீட்டுக்காரன்தானான்னு மெஷின் கேக்கும். அவ்வளவுதான்.”

செவெருக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. நிலம் அளந்து பிழைத்த மனிதர். கூட்டுப் பண்ணைகள் கலைந்து நிலங்கள் பழைய சொந்தக்காரர்களுக்குத் திரும்பிய காலத்தில், இரண்டு வயல்களுக்கு நடுவே இருவருமே கேட்காத ஒரு பட்டை விழுந்துவிடும். கேட்க ஆளில்லை என்பதற்காக வரைபடத்தில் அதை விட்டுவிட முடியாது. அதற்கும் கோடு போட வேண்டும்.

“வேணும்னா இப்பவே அழிச்சிடறேன்,” என்றாள் ஸ்மரான்டா. “அப்புறம் கண்ணுல படாது.”

“நீ பாத்துக்க. சனிக்கிழமைக்கு அப்புறம் இது உன் கம்ப்யூட்டர்.”

அவள் தலையசைத்துப் பென் டிரைவைப் பிடுங்கினாள். கணினி அணைந்து மறுபடி விழித்தது. குட்டி வட்டு பழைய இடத்தில் நின்றது. அவள் பையை மூடி எழுந்தபோது செவெர் நிமிர்ந்தார்.

“ஒரு சந்தேகம். வேலையில இல்லாததை அது ஏன் காட்டணும்?”

அவள் நின்றபடியே மறுபடி சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“சரி. அந்த இன்னொரு இடம்னியே. அதை மட்டும் ஏன்…”

ஸ்மரான்டா பாதி சொன்னாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். இந்தப் படிப்பாளி மனிதருக்கு இது புரியாமல் இல்லை. இனிமேல் ஃபோனை எடுத்து எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள்.

“மாமா, வேலைக்கு வந்த முதல் நாளே அவ எங்க மேனேஜரை லிஃப்டுக்குள்ள வெச்சுத் திட்டினா. சொல்லியிருக்காளா?”

“இல்லையே.”

“யாருன்னு தெரியாமத் திட்டிட்டா.”

“நிஜமாவா?” செவெர் அவசரமாகச் சமையலறைப் பக்கம் திரும்பினார். “லுக்ரேட்சியா, சூப்பு அப்புறம். இங்க வா, வந்து உக்காரு. ஸ்மரான்டா, ஆரம்பத்துலேருந்து சொல்லு பொண்ணே.”