பாலத்தில் இரண்டு அம்புகள்

நாடு சர்வதேசச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட செய்தி பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. அது தன் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் வந்து உட்காரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆறு. அதன்மேல் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகலான பாலம். யார் முதலில் போவது என்று அதுவரை ஒரு சட்டமும் கிடையாது. தொண்டை பெரிதாக இருப்பவன் போவான். மற்றவன் ரிவர்ஸ் எடுப்பான். ஒப்பந்தம் வந்ததும் இரு முனையிலும் பலகை நட்டுவிட்டார்கள். கணவன் பக்கம் நீலப் பலகை: நீ தாராளமாகப் போ. அப்பா பக்கம் சிவப்பு வட்டத்துக்குள் இரண்டு அம்பு: எதிரே வருகிறவனுக்கு வழிவிட்டு நில்.

வெங்காய மண்டிக்கார அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொண்ணையும் குடுத்துட்டு வழியையும் குடுக்கணுமா? எல்லாம் உன் புருஷன் வேலை."

"இது உலகமே ஒத்துக்கிட்ட சட்டம்ப்பா."

"உலகம் என்கிட்ட கேட்டுச்சா? அந்தப் பலகை இருக்கற வரைக்கும் நான் பாலம் தாண்ட மாட்டேன்."

ஞாயிறுதோறும் மகள் வீட்டில் சாப்பிடுகிறவர், வருவதை நிறுத்திக்கொண்டார். இரும்புக்கடைக்காரக் கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாமா இல்லாம சண்டை போடக்கூட ஆளில்ல" என்றான்.

அவளுக்குப் பழைய நாள் ஞாபகம் வந்தது. அதே பாலத்தின் நடுவில் அப்பாவின் வெங்காய வேனும் ஓர் இளைஞனின் கம்பி ஏற்றிய வேனும் மூக்கோடு மூக்கு. முன்சீட்டில் அவள்.

"தம்பி, பின்னால எடு."

"ஆளுக்குப் பாதி எடுப்போம் சார்."

"ரெண்டு பேரும் பின்னால போனா பாலத்துல யாருய்யா போறது?"

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இளைஞன் கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்த்தான். மறுபேச்சில்லாமல் ரிவர்ஸ் எடுத்தான். ஜெயித்துவிட்டதாக அப்பா மீசையை முறுக்கினார். அவன் பெண் கேட்டு வந்த அன்றுதான் விஷயம் விளங்கியது.

அடுத்த ஞாயிறு அவளே போய் அப்பாவைக் கிளப்பினாள். "பலகையைப் பாத்துட்டுத் திரும்பிடலாம், வாங்க."

பலகைக்கு முன் வேனை நிறுத்தி அப்பா கண்ணைச் சுருக்கினார். "என்னம்மா இது, மண்டி விலை மாதிரி ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குது?"

அவள் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "விலை ஏறி இறங்கறப்ப நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

"பொறுத்திருப்பேன். அவசரப்படறவன் வியாபாரியா?"

சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. "சரி, பொறுக்கறேன். வழிவிட்டேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதே" என்று இன்ஜினை அணைத்தார்.

மனைவியைத் தேடிக் கிளம்பிய கணவனின் வண்டி எதிர்முனைக்கு வந்தது. மாமனாரின் வேனைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"சட்டப்படி நீங்கதான் வரணும், மாப்பிள்ளை!"

"பெரியவங்க நீங்க முதல்ல வாங்க மாமா!"

பாலம் காலியாகக் கிடந்தது. இரு கரையிலும் ஹாரன்கள் அலறின. அதே முன்சீட்டில் அவள் அன்றுபோலவே வாய்விட்டுச் சிரித்தாள்.

எதிர்க்கரை வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்து ஒதுங்கியது. அப்பா சாவியைத் திருப்பினார்.

"இன்னைக்காவது எனக்காகத்தான் ரிவர்ஸ் எடுத்தான்னு சொல்லேன்ம்மா."