பத்தா, பதினொன்றா

"பத்தே போட்டுடு நைனா. அவளுக்கு அதான் பழக்கம்" என்றார் சுப்பராயன்.

கடைக்காரர் காலித் கேட்டது என்னவோ கோமளாவைத்தான். "அக்கா, உங்களுக்கு விண்டோஸ் பத்து போடட்டுமா, பதினொண்ணா?" என்ற குரல் நேராக அவள் முகத்துக்கு வந்திருந்தது. ஆனால் சர்க்கரை நோயில் கண் போனதிலிருந்து அவளைக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் கணவரே பதில் சொல்லிப் பழகிவிட்டார். ஓட்டலில் பரிமாறுகிறவர்கூட, "அவங்களுக்கு இன்னா வேணும் சார்?" என்றுதான் கேட்கிறார்.

கோமளா மண்ணூர்பேட்டையில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தவள். பார்வை போனபின் முதல் வருஷம் ஆவடி குவார்ட்டர்ஸில் சீரியல் வசனங்களைக் கேட்டபடி படுத்துக் கிடந்தாள். பிறகு, மகள் ஸ்வாதி கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன லேப்டாப்பில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் குரலைத் துணைக்கு வைத்துக்கொண்டு மறுபடி வேலை கற்றாள். மவுஸ் கிடையாது. எல்லாம் விசைகள்தான். எந்த விசையை எத்தனை தரம் தட்டினால் எங்கே போய் நிற்கலாம் என்பது விரல்களுக்கு மனப்பாடமாயிற்று. பழைய கம்பெனி மேனேஜர் நிவேதிதா, வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்யட்டும் என்று ஒப்புக்கொண்ட வாரத்தில்தான் அந்த லேப்டாப் உயிரை விட்டது. அதனால்தான் புது டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கக் காலித்தின் கடைக்கு வந்திருந்தார்கள்.

"பழசு போடறது பெரிய வேலை இல்ல அண்ணாத்தே. ஆனா அதுக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட் வராது. அடுத்தவங்க கம்பெனி கணக்கு பாக்கப் போறாங்கன்றீங்க. வைரஸ் கிய்ரஸ் பூந்துச்சுன்னா பேஜாரு" என்றார் காலித்.

"அத்தெல்லாம் நான் பாத்துக்கறேன். புதுசுல எல்லாம் எடம் மாறிக்கீதாம், பொண்ணு சொல்லுச்சு. இவ திரும்பவும் மொதல்லேருந்து கத்துக்கணும். வாணாம்பா. பட்டதே போதும்."

அந்தக் கடைசி இரண்டு சொற்களில் அவர் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவில்லை என்பது கோமளாவுக்குத் தெரிந்தது. வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட யாரும் நகர்த்தக் கூடாது என்பது அவருடைய சட்டம். விருந்தாளிகள் செருப்பைத் தள்ளி விட்டால்கூடப் போய் எடுத்து வைப்பார். ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதர், வந்ததும் வராததுமாகச் சாமான்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்ப்பார். அந்த அன்பில் அவள் எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. சில நாள், அந்த வீட்டுக்குள் தானும் நகர்த்தக் கூடாத ஒரு சாமானாகிவிட்டோமோ என்று தோன்றும்.

"நான் ஒக்காந்து பாக்கலாமா?" என்றாள் கோமளா.

காலித் நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினொன்று ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் விசைப்பலகையில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். குரல் பேசத் தொடங்கியது. புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதன் பெயரை மாற்றுவதற்கு மெனுவைத் திறந்தாள். விரல்கள் வழக்கம்போலக் கீழே இறங்கின. பெயர் மாற்றும் கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ இருந்தது. இன்னும் கீழே போனாள். மெனுவே முடிந்துபோனது. கடைக்குள் யாரோ கனைத்தார்கள்.

"அங்கதான், மேல கீது பாரு. இல்ல, இந்தாண்ட..." சுப்பராயன் அவள் கையைப் பிடித்து நகர்த்தப் போனார்.

"கொஞ்சம் சும்மா இருங்க."

அவரிடம் அப்படி அவள் பேசியதே இல்லை, அதுவும் நாலு பேர் முன்னால். கை விலகியது. கோமளா மூச்சை இழுத்து விட்டாள். மெனுவை மூடி மறுபடி திறந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். அவசரப்படாமல், தெரியாத தெருவில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற மாதிரி. கீழே இல்லை. எதிர்ப்பக்கம் திரும்பினாள். பெயர் மாற்று என்று ஆங்கிலத்தில் அந்தக் குரல் சொன்னது. மேலே ஒரு வரிசையில், வெட்டும், ஒட்டும் கட்டளைகளுக்குப் பக்கத்தில், அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடித்துக்கொண்டாள்தான். ஆனால் ஒன்றும் உடையவில்லை.

"பதினொண்ணே இருக்கட்டும் காலித்" என்றாள்.

"யோசிச்சுக்கோ கோமளா."

"யோசிச்சிட்டேன். நாளைக்கு இதுவும் மாறும். அப்ப என்ன பண்ணுவோம்?"

சுப்பராயன் பணத்தை எண்ணிக் கொடுத்தார். புதுக் கம்ப்யூட்டர் பெட்டிகளோடு ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். பெட்டிகளைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். ஆறிப்போன டீயை இருவரும் குடித்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்த கோமளாவைக் கம்ப்யூட்டரின் குரல் எழுப்பியது. கூடத்தில் அது எதையோ பாதி சொல்லி நின்றது. மறுபடி முதலிலிருந்து சொன்னது. பிறகு இல்லாத எதையோ தேடுகிறாற்போல ஒரே சொல்லை நாலைந்து தரம் திரும்பத் திரும்பச் சொன்னது. நடுவே சுப்பராயன் பல்லைக் கடித்துக்கொண்டு யாரையோ திட்டினார்.

சுவரோரமாக நடந்து அவர் பின்னால் போய் நின்றாள்.

"இன்னா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல." ஒரு விசையை மறுபடி தட்டிவிட்டு, "அந்தப் பேரு மாத்துறது எங்கதான் கீது? உள்ள போய்ட்டா வெளிய வர்றதுக்கு வழியே தெரில" என்றார்.

திரையில் பார்த்தால் தெரியுமே என்று சொல்ல வாயெடுத்து, மேஜைமேல் கையை நீட்டினாள். திரை இருக்க வேண்டிய இடத்தில் கை வெறுமையாகப் போய்ச் சுவரைத் தொட்டது. காலருகே ஒரு அட்டைப்பெட்டி இடறியது. குனிந்து தடவினாள். மானிட்டர் பெட்டிதான். மேலே ஒட்டிய டேப் பிரிக்கப்படவே இல்லை.

கோமளா அவர் தோள்வழியே குனிந்து கையைத் தேடினாள். இரும்பு தூக்கிக் காய்த்துப்போன தடித்த விரல், எந்த விசையில் நிற்பதென்று தெரியாமல் காற்றில் தொங்கியது. அதன்மேல் தன் விரலை வைத்து, மெல்ல, மேல்நோக்கிய அம்புக்குறிமீது இறக்கினாள்.