சிவப்புத் தாள்

அம்சவள்ளிக்கு அப்பளசாமி மேல் சந்தேகம் வந்தது ஒரு சீப்பு வாழைப்பழத்தால். பக்கத்து வீட்டுக்காரர்தான். வருஷக்கணக்காக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்தான். ஆனால் அதுவரை ஒரு பச்சை மிளகாய்கூட ஈந்தறியாத மனுஷன், தீபாவளி முடிந்த கையோடு பழத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் மூக்கு வேர்க்காது? தன் மகன் வாசுவுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, புக்கிட் பெலிம்பிங் பக்கம், நல்ல குடும்பம், ஆனால் மருமகள் வந்தால் இருக்கிற ஒரே ரூமில் எப்படி என்று சுற்றி வளைத்து இழுத்தார். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. அம்சவள்ளி குடும்பம் சுங்கை பெசாரில் இருக்கிற தங்கச்சி வீட்டோடு போகிற யோசனை ஏதும் இருந்தால், இந்தக் கடைசி வீட்டைப் பற்றி முதலில் தன் காதில் போடவேண்டும் என்றார்.

அப்படி ஒரு யோசனையும் இல்லை என்று அவள் முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பினாள். பழத்தை வீட்டில் ஒருவரும் தொடவில்லை. கறுத்துப்போய்க் கோழிக்குப் போனது.

பத்து ஆராங் மாதிரி ஒரு பழைய சுரங்க ஊரில் ஒரு வீடு கையில் இருப்பது லேசான காரியமா? நிலக்கரிக் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேலே ஊர் இருந்தது, கீழே அவர்கள் குடைந்துபோட்ட பொந்துகள் இருந்தன. எந்தப் பொந்து எங்கே போகிறது என்று தெரிந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மீதிப் பேர் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மழை விட்டால் சில இடங்களில் மண் புகையும். புதிதாக வீடு கட்ட யாரும் விடமாட்டார்கள். கம்பெனி வரிசையாகக் கட்டிய பழைய லயத்தில் ஒரு வீடு காலியானால் அதன் மேல் ஊரே கண் வைத்தது. அம்சவள்ளியின் புருஷன் செல்லன் லோரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் கிடப்பான். வீட்டைக் காப்பாற்றுவது அவள் பொறுப்பு.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு, சுரங்கத்து நாளில் வந்தது. சுவரில் விரிசல் விழுந்தால், தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, தேதி தெரிகிற மாதிரி ஒடுக்கமாக வெட்டி, கஞ்சிப் பசையால் விரிசலுக்குக் குறுக்கே ஒட்டவேண்டும். மண் சும்மா இருந்தால் தாளும் சும்மா இருக்கும். மண் நகர்ந்தால் தாள் கிழியும். ஒருமுறை கிழிந்தால் இன்னொன்று ஒட்டிப் பார்க்கலாம். அதுவும் கிழிந்தால் சட்டி பானையை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். ஒருகாலத்தில் சுரங்கத்துக்குள் முட்டுக்கட்டை நிறுத்தும் ஆட்களை மேய்த்த சோமு மண்டோர் ஞாயிறுதோறும் லயத்தைச் சுற்றி வந்து தாள்களைப் பார்ப்பார். கண்ணில் சதை வளர்ந்து பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

மார்கழியில் அம்சவள்ளி வீட்டுப் பின்சுவரில், வெளிப்பக்கம், குழாயடிக்கு நேரே மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விழுந்தது. அந்தச் சுவரின் உள்பக்கத்தை ஒட்டித்தான் மகள் ரமணியின் கட்டில். ரமணிக்கு ரவாங் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். காலையில் வந்து கதவைச் சாத்திப் படுத்தாளானால் சாயங்காலம்தான் கண் விழிப்பாள். அம்சவள்ளி தாள் ஒட்டினாள். கிழிந்தது. இன்னொன்று ஒட்டினாள். அதுவும் கிழிந்தது.

வழக்கப்படி வெளியேற வேண்டும். வீடு போய்விடும். ஆனால் மண் நகர்கிறது என்று அவள் நினைத்தாள் என்றா நினைக்கிறீர்கள்? வாழைப்பழத்தைத்தான் நினைத்தாள். விடியலில் முதலில் குழாயடிக்குப் போகிறவர் யார்? அப்பளசாமி. ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சுவரையே வெறித்துக்கொண்டு நின்றவர் யார்? அதுவும் அப்பளசாமி. அடுத்தவன் வீட்டுச் சுவரில் ஒரு மனுஷனுக்கு அப்படி என்ன பார்வை?

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூஜை முடிந்து எல்லாரும் நிற்கும்போது, வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சோமு மண்டோர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"தாள் தானா கிழியல மண்டோரே. கிழிச்சிருக்காங்க. வீடு யாருக்கு வேணுமோ அவங்க கிழிச்சிருக்காங்க."

பெயரைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாத் தலையும் அப்பளசாமி பக்கம் திரும்பியது. அவர் நேரம், அன்றைக்கென்று பெண்வீட்டு மாமன் ஒருவரும் கோயிலுக்கு வந்திருந்தார்.

"நான் தொடல தங்கச்சி," என்றார் அப்பளசாமி.

"அப்ப பேயி வந்து கிழிச்சுதாண்ணே?"

மண்டோர் யோசித்துவிட்டு, இன்றே இன்னொரு தாள் ஒட்டட்டும், தைப்பூசம் வரை கிழியாவிட்டால் அவள் சொல்வது சரி என்று வைத்துக்கொள்வோம் என்றார். ஊர் பார்க்க அம்சவள்ளி வெள்ளிக்கிழமைத் தாளை ஒட்டினாள்.

அந்தத் தாள் கிழியவே இல்லை. மறுநாள் பார்த்தாள், முழுசாக இருந்தது. அடுத்த வாரம் பார்த்தாள், அப்போதும் முழுசாக இருந்தது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டதும் திருட்டுக் கை அடங்கிவிட்டது என்று குழாயடியில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பெண்கள் அப்பளசாமியைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பெண்வீட்டிலிருந்து, என்ன விஷயம், விசாரிக்கவேண்டும் என்று ஆள் வந்து போனதாகக் கேள்வி. அம்சவள்ளிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பேச என்ன இருக்கிறது, நன்றாகவே இருந்தது.

இடையில் ரமணி ரூம் கதவு தரையில் தட்ட ஆரம்பித்தது. அடுப்படியில் வைத்த எலுமிச்சம்பழம் தானாக மூலைக்கு உருண்டது. அதற்கும் அவளிடம் விளக்கம் இருந்தது. அப்பளசாமி கொல்லையில் வாழைக்கன்றுக்குக் குழி வெட்டுகிறாரே, அது குழியா, அல்லது தன் வீட்டுக்கு அடியில் நோண்டுகிறாரா? கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலிக்கு மேலாகப் பார்த்தாள்.

தைப்பூசத்துக்கு முந்திய திங்கட்கிழமை. மத்தியானம் மழை விட்டிருந்தது. ரமணி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். குழாயடிக்குத் துணி அலசப் போன அம்சவள்ளி, வழக்கம்போலச் சுவரைப் பார்த்தாள். தாள் முழுசாக இருந்தது. குனிந்தவள் மறுபடி நிமிர்ந்தாள்.

தேதி சிவப்பாக இருந்தது.

காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைதான் சிவப்பு. அவள் ஒட்டியது வெள்ளிக்கிழமைத் தாள், கறுப்பு. கிழிந்திருக்கிறதா என்றே நாள்தவறாமல் பார்த்தவள், என்ன தேதி என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தொட்டாள், பசை இன்னும் ஈரமாக இருந்தது. அகப்பட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஓரத்தைப் பிடித்து உரித்தாள். அடியில் இன்னொரு தாள், நடுவில் இரண்டாகக் கிழிந்திருந்தது. அதற்கு அடியிலும் கிழிந்த ஒன்று. அதற்கு அடியிலும். எல்லாம் கையோடு வந்தபோது, மயிரிழையாக இருந்த விரிசலுக்குள் அவள் விரல் போனது.

ஓடினாள். ரமணி ரூம் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. நிலை சாய்ந்து கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. தோளால் இடித்தாள், மகள் பேரைச் சொல்லிக் கத்தினாள். செல்லன் எங்கேயோ ரோட்டில். அவள் வாயில் வந்தது ஒரே ஒரு பேர்தான்.

"அப்பளசாமியண்ணே!"

அவர் கடப்பாரையோடு வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தவர் மாதிரி நேரே அந்தக் கதவுக்குப் போய்க் கீழ்க்கீலை நெம்பினார். தூக்கக் கலக்கத்தில் விழித்துக்கொண்டு நின்ற ரமணியை அம்சவள்ளி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். அவர்கள் ரோட்டைத் தொடுவதற்குள் பின்சுவரும் கட்டிலும் குழாயடியும் ஒன்றாகக் கீழே போயின. பெரிய சத்தம்கூட இல்லை. கரித்தூசிதான் கிளம்பியது.

வேலியோரம் அப்பளசாமி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏண்ணே ஒட்டுனீங்க?"

"கிழிஞ்சா நாந்தான்னு சொல்லிட்டீங்க. ஒவ்வொரு வாட்டியும் இதான் கடைசி, இனிமே கிழியாதுன்னு நெனச்சேன். புள்ள கல்யாணம் முடிஞ்சா போதும்னு இருந்துச்சு." அவர் ரமணியைப் பார்க்கவே இல்லை. "தப்புதாம்மா."

அம்சவள்ளிக்கு அவரைக் கடப்பாரையாலேயே அடிக்கவேண்டும் போல இருந்தது. அதைவிடத் தன் வாயில் அடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. அதற்குள் லயமே கூடிவிட்டது.

சாயங்காலம் எல்லாக் குடும்பமும் பாயும் மூட்டையுமாகக் கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. விஷயம் கேள்விப்பட்டுப் பெண்வீட்டு மாமனும் வந்து ஓரமாக நின்றார். சோமு மண்டோர் அம்சவள்ளியின் கையில் கசங்கிக் கிடந்த தாள்களை வாங்கினார். கண்ணுக்கு மிக அருகே பிடித்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"கிழிஞ்ச தாளு மேல புதுத் தாளு. ஒரு உசுரு போயிருக்கும். யாரு ஒட்டுனது?"

தூண் ஓரமாக வாசு பக்கத்தில் நின்ற அப்பளசாமி ஒரு அடி முன்னால் வைத்தார். எல்லாத் தலையும், அன்றைக்குப் போலவே, அவர் பக்கம் திரும்பத் தொடங்கியது.

"நான்தான் ஒட்டுனேன்," என்றாள் அம்சவள்ளி. "வீடு போயிரக்கூடாதுன்னு. அண்ணனைச் சொன்னது பொய்யி. அவரு தொடல."

அப்பளசாமி வாயைத் திறந்தார். நீங்கள் சும்மா இருங்கள் என்று அவள் கையைக் காட்டினாள். தலைகள் அவள் பக்கம் திரும்பின. யாரோ ஒருத்தி, பெத்தவளா இவ என்று கேட்டது காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் இருந்தாள்.

வேலியோரம் அப்பளசாமி ஒத்துக்கொண்டதைக் கூடவே நின்று கேட்டவள் ரமணி. மத்தியானத்திலிருந்து அம்மா கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள், இப்போது மெல்ல விரல்களை உருவிக்கொண்டாள்.

"அந்தச் சுவத்தை ஒட்டித்தானம்மா நான் படுத்திருந்தேன்," என்றாள்.

ரமணி தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மண்டபத்தின் அந்தக் கோடிக்குப் போனாள்.